பொறியாளர் கையில் நாடு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

"இந்த நாட்டை ஐந்து வருஷத்துக்கு நல்ல இன்ஜினியர்களிடம் கொடுத்துப் பார்க்கட்டும், எல்லாம் நேராகிவிடும்." பேருந்திலும் தேநீர்க் கடையிலும் கலியாணப் பந்தியிலும் இந்தப் பேச்சைக் கேட்காதவர் நம்மில் இருக்க முடியாது. சொல்பவர் பெரும்பாலும் படித்தவர், மாதச் சம்பளக்காரர், மகனையோ மகளையோ பொறியியல் கல்லூரிக்கு அனுப்பியவர் அல்லது அனுப்பக் காத்திருப்பவர். தமக்கு அரசியலே கிடையாது என்று அவர் சொல்லிக்கொள்வார். ஆனால் அவர் பேசுவது முழுக்க முழுக்க அரசியல்தான். ஆளத் தகுதி உள்ளவர் யார் என்பதைக் காட்டிலும் பெரிய அரசியல் கேள்வி வேறு என்ன இருக்கிறது?

நம் நாட்டில் மட்டும் நிலவும் எண்ணம் அன்று இது. அண்மைக் காலத்தில் தொழில் வளர்ச்சி கண்ட நாடுகள் பலவற்றில், படித்த நடுத்தர வர்க்கத்தார் அரசியல்வாதியை வெறுத்துப் பொறியாளரை நம்புகிறார்கள். தொழில்நுட்பக் கல்விக்கும் இந்த மனப்போக்குக்கும் தொடர்பு உண்டு என்பதைப் பலரும் ஒப்புக்கொள்வர். அது எப்படிப்பட்ட தொடர்பு என்பதில்தான் என் கருத்து வேறுபடுகிறது.

வழக்கமாகப் பழியைச் சுமப்பது பாடம். பொறியியல் மாணவனுக்கு ஒரு கணக்குத் தரப்படுகிறது. உத்தரத்தின் நீளம் இவ்வளவு, அதன் மேல் உள்ள பாரம் இவ்வளவு, தகைவு எவ்வளவு? விடை ஒன்றுதான், அது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. நான்கு ஆண்டுகள் இப்படிக் கணக்குப் போட்டவன், ரேஷன் கடை வரிசைக்கும் ஆற்று நீர்ப் பங்கீட்டுக்கும் அப்படியே ஒரே விடை இருக்கும் என்று நம்பிவிடுகிறான். விடை தெரிந்தும் சொல்லாமல் மறைப்பவனே அரசியல்வாதி என்று முடிவு கட்டிவிடுகிறான் என்பார்கள். அரசியலில் பாரம் எவ்வளவு என்பதல்ல, அதை யார் சுமப்பது என்பதே கேள்வி. அந்தக் கேள்வி எந்தப் பொறியியல் வினாத்தாளிலும் வராது என்பார்கள்.

இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் இயற்பியல் மாணவியாகிய எனக்கு இந்த விளக்கம் முழு நிறைவு தரவில்லை. எங்கள் புத்தகத்திலும் கடைசிப் பக்கத்தில்தான் விடை இருக்கிறது. பாடம்தான் அரசியலை உண்டாக்குகிறது என்றால், ஒரே பாடத்தை ஒரே இடத்தில் படித்தவர்கள் ஒரே அரசியலைப் பேச வேண்டும் அல்லவா? அப்படி நடந்ததா என்று பார்ப்போம்.

துருக்கி நாட்டின் இஸ்தான்புல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1940-களின் பிற்பகுதியில் மூன்று இளைஞர்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் படித்தார்கள். சுலைமான் தெமிரெல் கட்டடப் பொறியியல் படித்தவர். நீர்ப்பாசனத் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்து, அணைகளின் அரசன் என்றே பெயர் வாங்கியவர். நெஜ்மெத்தின் எர்பகான் இயந்திரப் பொறியாளர். ஜெர்மனி சென்று டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பி, உள்நாட்டிலேயே என்ஜின் செய்யும் தொழிற்சாலை தொடங்கியவர். துர்குத் ஓசால் மின்பொறியாளர். மூவரும் பின்னாளில் அந்நாட்டின் பிரதமர் ஆனார்கள். ஆனால் ஒருவர் அரசியல் மற்றவருடையதைப் போல் இல்லை. தெமிரெல் கிராமத்து வாக்குகளை நம்பிய வலதுசாரி. ராணுவம் அவரை 1971-இலும் 1980-இலும் பதவியிலிருந்து இறக்கியது. ஓசால் 1983-இல் பிரதமராகிச் சந்தைப் பொருளாதாரத்தின் கதவைத் திறந்துவிட்டார். எர்பகான் மதத்தை அரசியலின் நடுவே வைத்தவர். 1997-இல் ராணுவத்தின் நெருக்குதலால் அவர் பதவி விலகியபோது, குடியரசுத் தலைவர் நாற்காலியில் அமர்ந்திருந்தவர் வேறு யாருமல்லர், தெமிரெல்தான்!

ஈரானில் நடந்தது இதைவிட விந்தை. 1979-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் முதல் பிரதமரான மெஹ்தி பசர்கான் வெப்ப இயக்கவியல் கற்பித்த பேராசிரியர், தெஹ்ரான் பல்கலைக்கழகப் பொறியியல் துறையின் தலைமையில் இருந்தவர், நிதானமானவர். அதே ஆண்டு நவம்பரில் மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்தைக் கைப்பற்றினார்கள். இரண்டே நாளில் அவர் பதவி விலகினார். கைப்பற்றியவர்களில் தெஹ்ரான் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் பலர் இருந்தனர். பொறியியல் பேராசிரியரின் அரசைப் பொறியியல் மாணவர்களே கவிழ்த்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

பொறியாளர் கையில் நாட்டைக் கொடுத்துப் பார்க்கட்டும் என்பவர்களுக்கு ஒரு செய்தி: கொடுத்துப் பார்த்தாயிற்று. 2002-ஆம் ஆண்டு சீனத்துக் கம்யூனிஸ்டுக் கட்சியின் அரசியல் குழு நிலைக்குழுவில் அமர்ந்த ஒன்பது பேரும் பொறியியல் பயிற்சி பெற்றவர்கள். அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, மாஸ்கோவில் நீர்மின் பொறியியல் படித்த லீ பெங் பிரதமராக இருந்தார். 1989-இல் பெய்ஜிங் நகரில் மாணவர்கள் கூடியபோது ராணுவச் சட்டத்தை அறிவித்தவர் அவர்தான். மூன்று பள்ளத்தாக்கு அணைத் திட்டத்தை 1992-இல் மக்கள் பேரவைக்குக் கொண்டு வந்தவரும் அவர்தான். எதையும் ஒருமனதாக நிறைவேற்றியே பழகிய அந்தப் பேரவையில் 177 பேர் எதிர்த்து வாக்களித்தனர். 664 பேர் வாக்களிக்காமல் ஒதுங்கினர். திட்டம் நிறைவேறியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினர். அணையின் கணக்கில் பிழை இருந்ததாக நான் சொல்லவில்லை. அந்தப் பத்து லட்சம் பேர் எந்தச் சமன்பாட்டில் இடம்பெற்றார்கள் என்பதே என் கேள்வி.

ஆக, பாடம் ஒருவனை எந்தக் கட்சியிலும் கொண்டு சேர்ப்பதில்லை. அப்படியானால் நம் நாட்டுப் பொறியியல் பட்டதாரிகளில் கணிசமானோர் ஒரே குரலில் பேசுவது எதனால்? என் விடை இது: கல்லூரிக்குள் என்ன கற்றார்கள் என்பதைக் காட்டிலும், எந்த வாயில் வழியாக உள்ளே வந்தார்கள், அந்த வாயிலைக் காத்து நின்றவர் யார், வாயிற்காவலுக்குச் செலவழித்தவர் யார் என்பவையே அவர்களுடைய அரசியலை உருவாக்குகின்றன.

இதற்கு நம் நாட்டின் மிகச் சிறந்த பொறியாளரின் வாழ்க்கையே சான்று. சர் எம். விசுவேசுவரையா பிறந்த செப்டம்பர் 15-ஆம் நாளைத்தான் ஆண்டுதோறும் பொறியாளர் தினமாகக் கொண்டாடுகிறோம். அவர் செல்வர் வீட்டுப் பிள்ளை அல்லர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். பெங்களூரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் படித்தவர். பின்னர் மைசூர் அரசின் உதவியோடு புனே சென்று பொறியியல் கற்றார். 1912-இல் மைசூரின் திவானானார். ஆறே ஆண்டுகளில் அவர் செய்தவற்றை எண்ணினால் மலைப்பாக இருக்கிறது. கிருஷ்ணராஜ சாகர் அணை வேலை வளர்ந்தது. 1913-இல் மைசூர் வங்கி, 1916-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம், 1917-இல் பெங்களூர்ப் பொறியியல் கல்லூரி, பத்ராவதி இரும்பு ஆலைக்கான தொடக்கப் பணிகள் என்று ஒரு நாட்டுக்கே அடித்தளம் போட்டார். காவிரியின் கடைமடையில் பிறந்தவள் என்ற முறையில் அந்த அணையைப் பற்றி எனக்கு வேறு வருத்தம் உண்டு. அது இங்கே வேண்டாம்.

இவ்வளவு செய்தவர் 1918-இல் ஏன் பதவியை விட்டார்? அக்காலத்து மைசூரில் அரசு உத்தியோகங்களில் பெரும்பகுதி, மக்கள் தொகையில் சிறு பங்கினரான பிராமணர்களிடம் இருந்தது. பிற வகுப்பாருக்கும் இடம் வேண்டும் என்று பிராமணரல்லாத தலைவர்கள் மகாராஜாவிடம் விண்ணப்பித்தனர். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அதற்குச் செவி சாய்த்து, தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் குழு அமைத்தார். திவானுக்கு அது உடன்பாடாக இல்லை. உத்தியோகம் தகுதிக்கே தரப்பட வேண்டும். வகுப்பு பார்த்துக் கொடுத்தால் நிர்வாகத்தின் தரம் குறையும் என்பது அவர் கொள்கை. இந்தக் கருத்து வேற்றுமைதான் அவர் விலகியதற்கு முதன்மையான காரணம் என்பது வரலாறு.

அவர் நேர்மையை ஐயுறுவோர் எவரும் இலர். நானும் ஐயுறவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஆற்று நீரை மேட்டு நிலத்துக்கு ஏற்ற வேண்டுமானால் முதலில் மதகும் கால்வாயும் வேண்டும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் இந்தியாவில் எவருமில்லை. தண்ணீர் தன் தகுதியால் மேடேறட்டும் என்று அவர் எந்த ஊரிலும் சொன்னதில்லை. மனிதர் விஷயத்தில் மட்டும் மதகு தேவையில்லை என்று எண்ணினார். தமக்கு அரசு தந்த உதவியை உதவி என்று கொண்டவர், பிறர் கேட்டதைத் தரக்குறைவு என்று கொண்டார். படித்த நடுத்தர வர்க்கத்தின் அரசியல் பின்னாளில் பேசப்போகும் வாசகத்தின் முதல் பதிப்பு இங்கேதான் அச்சேறியது என்பேன்.

சுதந்திரத்துக்குப் பின் இந்த வாசகத்துக்குக் கட்டடங்கள் எழும்பின. வங்காளத்தில் ஹிஜ்லி என்ற ஊரில் ஆங்கிலேயர் அரசியல் கைதிகளை அடைத்து வைத்த முகாம் ஒன்று இருந்தது. 1931 செப்டம்பரில் அங்கே காவலர் சுட்டதில் இரு கைதிகள் மாண்டனர். அதே கட்டடத்தில்தான் 1951-இல் நாட்டின் முதல் ஐ.ஐ.டி.யாகிய கரக்பூர் நிறுவனம் தொடங்கப்பட்டது. சிறைச்சாலை கல்விச்சாலையானது என்று மகிழ்ந்த தலைமுறை அது; அந்த மகிழ்ச்சி நியாயமானதே. பின்னர் பம்பாய், சென்னை, கான்பூர், தில்லி என ஐந்தாயின. சென்னைக்கு மேற்கு ஜெர்மனியும் கான்பூருக்கு அமெரிக்காவும் துணை நின்றன. ஆனால் பெரும் செலவு நம் அரசுடையது. அரசுடையது என்றால், உப்பும் தீப்பெட்டியும் வாங்கிய ஒவ்வொருவருடையதும்.

நுழைவாயிலில் ஒரு தேர்வு வைத்தார்கள். ஆங்கிலம் பேசும் வீடு, நல்ல பள்ளி, அரசு ஊழியரான தந்தை, பயிற்சிக்குச் செலவழிக்க வசதி ஆகிய எதையும் அத்தேர்வு கேட்கவில்லை. ஆனால் இவை அனைத்தும் இருந்தவர்களே பெரும்பாலும் தேறினார்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு அங்கே இடஒதுக்கீடு வர 1973 வரை, அதாவது இருபத்திரண்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கு வந்தது 2008-இல். தேர்வில் வென்ற இளைஞன் தன் வரிசை எண்ணைப் பார்க்கிறான். அந்த எண் தன் மூளைக்கு இயற்கை தந்த சான்றிதழ் என்று நினைக்கிறான். நினைப்பதில் வியப்பில்லை, பதினெட்டு வயதில் ஊரே அப்படித்தான் சொல்கிறது! அதன் பின்னால் நின்ற வீட்டையும் தெருவையும் பள்ளியையும் எந்த மதிப்பெண் பட்டியலும் காட்டுவதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யைப் பற்றி ஆராய்ந்து அஜந்தா சுப்பிரமணியன் 2019-இல் வெளியிட்ட நூல், சாதி வழி வந்த வாய்ப்புகள் அங்கே எவ்வாறு திறமை என்ற பெயரில் உருமாறின என்பதைத்தான் விரிவாக எடுத்துரைக்கிறது.

இப்போது அரசியல் மேல் வரும் வெறுப்பு எங்கிருந்து முளைக்கிறது என்பது விளங்கும். இடங்களை யார் யாருக்கு எப்படிப் பகிர்வது என்ற கேள்வியை எழுப்புவது அரசியல் ஒன்றுதான். வென்றவனுக்கு அது தன் உடைமையில் கை வைப்பதாகத் தோன்றுகிறது. 1990 ஆகஸ்டில் மண்டல் குழுப் பரிந்துரையை வி.பி. சிங் அரசு அறிவித்தபோதும், மத்திய உயர்கல்வி நிலையங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு என்று 2006-இல் அறிவித்தபோதும் வட நாட்டு நகரங்களில் தொழிற்கல்வி மாணவர்கள் தெருவில் இறங்கினார்களே, அது அரசியல் இல்லாமல் வேறென்ன? ஆனால் அவர்கள் தங்களை அரசியலுக்கு அப்பாற்பட்டவர்கள் என்றே அழைத்துக்கொண்டார்கள். தமக்குச் சாதகமானது நியாயம், பிறருக்குச் சாதகமானது அரசியல். 1965-இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தைத் திருத்திய பிறகு இவர்களில் பலருக்கு வெளியேறும் கதவும் திறந்துவிட்டது. ஊரை விட்டுப் போக வழி உள்ளவன் ஊர்ப் பஞ்சாயத்தைப் பற்றிப் பேசுவதற்கும், போக வழியில்லாதவன் பேசுவதற்கும் வேறுபாடு இருக்கத்தானே செய்யும்.

நிற்க. தமிழகத்துக்கு வருவோம். என் கருத்துக்கு உண்மையான சோதனை இங்கேதான் நடந்திருக்கிறது.

1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி வளர்ந்த கிண்டிக் கல்லூரியைக் கொண்ட மாகாணம் இது. இந்திய அரசியல் சட்டத்துக்குச் செய்யப்பட்ட முதல் திருத்தமே சென்னையின் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைப் பற்றிய வழக்கால் வந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை எதிர்த்து செண்பகம் துரைராஜன் என்பவர் மருத்துவக் கல்லூரி இடங்களைக் குறித்தும், சி.ஆர். சீனிவாசன் என்பவர் பொறியியல் கல்லூரி இடத்தைக் குறித்தும் வழக்குத் தொடுத்தனர். அரசாணை செல்லாது என்று 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் பெரியாரும் பிறரும் கிளர்ச்சி செய்தனர். அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, பின்தங்கிய வகுப்பினரின் கல்விக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பொறியியல் கல்லூரியின் வாயில் எவ்வளவு பெரிய அரசியல் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பிறகு வாயில் அகன்றது. 1984-இல் தனியார் சுயநிதிக் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. பின்னாளில் அவற்றின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டி, அதன் பின் பல மூடப்பட்டும் போயின. பொறியியலுக்கான மாநில நுழைவுத் தேர்வு 2007-இல் ஒழிந்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு 2010-11 கல்வியாண்டு முதல் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளி மாணவர்க்கு 2021-இல் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. விளைவு நாம் கண்ணால் காண்பது. நெசவாளி மகனும் விவசாயக் கூலி மகளும் பொறியாளர் ஆனார்கள். பாடத்திட்டம் எங்கும் கிட்டத்தட்ட ஒன்றே. வாயில் மட்டும் வேறு. அதனால் தமிழகத்துப் பொறியாளர்கள் இடஒதுக்கீட்டை எதிர்த்துத் தெருவில் இறங்கிக் கூச்சலிடுவதை நாம் கண்டதில்லை. அந்த மதகு வழியே வந்த தண்ணீர் அவர்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இக்கட்டுரையை எழுத வேண்டியிருக்காது. அரசியல்வாதியை இகழ்வதும், "எவன் வந்தால் நமக்கென்ன" என்ற பேச்சும் இங்கும் குறையவில்லையே! 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகச் சென்னைக் கடற்கரையில் கூடிய இளைஞர் கூட்டத்தில் பொறியியல் மாணவர்களும் கணினித் துறை ஊழியர்களும் பெருமளவில் இருந்தனர். நாடே திரும்பிப் பார்த்த கூட்டம் அது. அங்கேயும் கட்சிக்காரர்கள் வரக் கூடாது என்பதே அவர்கள் விதித்த முதல் நிபந்தனை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இதே இளைஞர்கள் சோற்றுப் பொட்டலத்தோடு கழுத்தளவு நீரில் நடந்தார்கள். அந்தக் கருணையை மறக்க முடியாது. ஆனால் ஏரி எப்படி வீட்டுமனை ஆயிற்று, கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்க, தண்ணீர் வடிந்த பின் எத்தனை பேர் கூடினார்கள்?

இதற்கு விளக்கம் வேறு ஒரு வாயிலில் இருக்கிறது. அது கல்லூரியின் உட்புற வாயில். என் அண்ணனை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். எங்கள் அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர். வங்கியில் ஒரு கல்விக் கடன்தான் வாங்க முடியும் என்ற நிலையில் அது அண்ணனுக்குப் போயிற்று. நான் அரசு கலைக் கல்லூரிக்கு வந்தேன். அண்ணன் படித்தது எங்கள் மாவட்டத்திலுள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. அங்கே மாணவர் பேரவைத் தேர்தல் கிடையாது. பையனும் பெண்ணும் நின்று பேசினால் அபராதம். விடுதி உணவு சரியில்லை என்று நால்வர் சேர்ந்து எழுதிய கடிதத்துக்கு, நால்வரின் பெற்றோரும் வரவழைக்கப்பட்டார்கள். அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய்க் கைகட்டி நின்றார். கடன் கழுத்தில் இருக்கும்போது வாய் திறந்தால் என்ன ஆகும் என்ற பாடத்தை அண்ணன் அன்று கற்றான். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் அது இல்லை. ஆனால் நான்கு ஆண்டுகளில் அவன் மறக்காமல் கற்றது அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது அவன் சென்னையில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வந்தால் எனக்கும் அவனுக்கும் வாக்குவாதம்தான். "எலெக்‌ஷனால் எனக்கு என்ன கிடைத்தது? என் கட்-ஆஃப்தான் எனக்கு வேலை வாங்கித் தந்தது" என்பான். "முதல் பட்டதாரிச் சலுகையை உன் கட்-ஆஃபா தந்தது? யாரோ சட்டசபையில் உட்கார்ந்து அல்லவா தந்தார்கள்?" என்பேன். "அதெல்லாம் ஓட்டுக்காகச் செய்தது" என்பான். ஓட்டுக்காகச் செய்ததுதான்! ஓட்டு என்ற ஒன்று நம் அப்பா கையில் இருந்ததால் செய்தார்கள். அது இல்லாத காலத்தில் யாரும் செய்யவில்லை. இதற்கு அண்ணன் இதுவரை விடை சொல்லவில்லை. அம்மா குறுக்கே வந்து சாப்பிடக் கூப்பிட்டுவிடுவாள்.

கணினி நிறுவன ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம், சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று 2016-இல் தமிழக அரசு தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. மூட்டை தூக்கும் எங்கள் அப்பாவுக்கு இதை எவரும் தெளிவுபடுத்தவில்லை. ஆலைச் சங்கத்தின் சந்தா ரசீது எங்கள் வீட்டு மாடத்தில் எப்போதும் இருக்கும். பட்டம் பெற்ற மகனுக்குத்தான் அரசு அறிவிக்க வேண்டியிருந்தது. தொழில்நுட்பக் கல்வி ஒரு தலைமுறையை மேலே தூக்கிவிட்டது. அதே வேகத்தில், அந்தத் தலைமுறை வீட்டிலிருந்து கொண்டுவந்த அரசியல் அறிவைப் பறித்தும் கொண்டது. எங்கள் வீட்டில் நடந்தது இதுவே. தமிழகத்தில் பல வீடுகளில் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இதற்கு மருந்தாகப் பொறியியல் மாணவர்களுக்கு அரசியல் சட்டத்தை ஒரு பாடமாக வைத்தால் போதும் என்கிறார்கள் சிலர். மதிப்பெண் கணக்கில் சேராத பாடத்தை நம் மாணவர் உலகம் எப்படிப் படிக்கும் என்பது நமக்குத் தெரியாததா? அமைச்சரவை, மாநிலங்களவை என்று குறிப்பெடுத்துத் தேர்வுக்கு முதல் நாள் மனப்பாடம் செய்வார்கள். தன் விடுதி உணவைப் பற்றிக் கடிதம் எழுத முடியாத இடத்தில் அடிப்படை உரிமைகளைப் பற்றிப் பாடம் நடத்துவது வேடிக்கை. தேர்தல் நடத்தட்டும், கட்டணக் கணக்கை மாணவர் பார்க்கும் இடத்தில் ஒட்டட்டும், குறை சொன்னவன் தந்தையை வரவழைக்காமல் இருக்கட்டும். பாடம் பிறகு வரலாம்.

நாம் மட்டும் மேலானவர்கள் என்று சொல்லிக்கொள்ளவும் இடமில்லை. 1965-இல் தமிழகக் கல்லூரி மாணவர்கள் மொழிக்காக எழுந்தார்கள், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இராசேந்திரன் குண்டடிபட்டு மாண்டார் என்று ஆண்டுதோறும் விழா எடுத்துப் பேசுகிறோம். ஆனால் நம் கல்லூரியில் பேரவைத் தேர்தல் நடந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்று மூன்றாமாண்டு அண்ணன்மார்களைக் கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை. "படிக்க வந்தீர்களா, அரசியல் பேச வந்தீர்களா?" என்று நம் பேராசிரியப் பெருமக்களில் சிலர் கேட்பதுண்டு. பணிவோடு ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். கௌரவ விரிவுரையாளர்கள் ஊதிய உயர்வு கேட்டு வாயிலில் அட்டை பிடித்து நிற்பது அரசியல் இல்லையா? அவர்கள் நின்றது சரி என்றால், நாங்கள் பேசுவது எப்படித் தவறாகும்?

இந்த ஆண்டு எங்கள் இயற்பியல் மன்றத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். பக்கத்து ஊர்ப் பொறியியல் கல்லூரி மாணவர்களையும் அழைத்து, "ஆற்று நீர் யாருக்குச் சொந்தம்?" என்று ஒரு கருத்தரங்கம் நடத்தலாம் என்பது அது. கணக்குத் தெரிந்தவர்கள் அவர்கள். வயல் தெரிந்தவர்கள் நம்மில் பலர். இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் நன்றாக இருக்கும் என்று எண்ணினேன். மன்றம் ஏற்றுக் கடிதம் எழுதியது. பதில் வந்திருக்கிறது. மாணவர்களை அனுப்பத் தடையில்லையாம். தலைப்பை மட்டும் "நீர் மேலாண்மையில் நவீனத் தொழில்நுட்பம்" என்று மாற்றிக்கொள்ள வேண்டுமாம். மன்றத்தில் பாதிப் பேர் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். மாற்றக் கூடாது என்பது என் கட்சி. அடுத்த கூட்டம் வியாழக்கிழமை பிற்பகல், இயற்பியல் ஆய்வுக்கூடத்தில். பிற துறையினரும் வரலாம்.